காஸ்பியன் கரையிலிருந்து கழுவெளி வரை: ஒரு சட்டத்தின் நெடும்பயணம்

தென்சென்னையில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கம் அடுக்குமாடி வீடு பார்க்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் பட்டா இருக்கிறதா, வில்லங்கம் இல்லையா, சிஎம்டிஏ அனுமதி உண்டா என்று கேட்பார்கள். இப்போது நான்காவதாக ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: "ராம்சார் எல்லைக்குள்ள வருதா?" ராம்சார் என்பது ஈரானில், காஸ்பியன் கடலோரத்தில் உள்ள ஓர் ஊர். அந்த ஊரில் எழுதப்பட்ட சட்டம் வேளச்சேரி–தாம்பரம் சாலைக்கு வந்து சேர ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. வாத்து எண்ணிய விஞ்ஞானிகள், வர்த்தகக் கணக்குப் பார்த்த பொருளாதார நிபுணர்கள், வாணியம்பாடித் தோல் பதனிடும் ஆலைகள், பசிபிக் தீவின் சட்டக் கல்லூரி மாணவர்கள் என்று வழியில் அது சந்தித்தவர்கள் பலர்.

கதை தொடங்குவது தெற்கு பிரான்சில். ரோன் ஆறு மத்தியதரைக் கடலில் கலக்கும் இடத்தில் காமார்க் என்ற சதுப்புநிலம் இருக்கிறது. நெல் விளையும், உப்பு விளையும், பூநாரைகள் கூட்டமாய் இறங்கும் மண் அது. லுக் ஹோஃப்மன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், பெரிய மருந்து நிறுவனக் குடும்பத்தின் வாரிசு, 1954-ல் அங்கே பறவை ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். ஐரோப்பிய அரசுகள் அப்போது சதுப்புநிலங்களை வடித்து வயலாகவும் தொழிற்பேட்டையாகவும் மாற்றிக்கொண்டிருந்தன. அதற்கு மானியமும் கொடுத்தன. ஹோஃப்மனின் முயற்சியால் 1962 நவம்பரில் காமார்க்கில் கூடிய மாநாடு, ஈரநிலங்களைக் காக்க ஒரு சர்வதேச உடன்படிக்கை வேண்டும் என்று முதல்முறையாகக் கேட்டது.

அந்த நேரம் பனிப்போர் உச்சத்தில் இருந்தது. ஆனால் வாத்துகளுக்கு இரும்புத்திரை ஏது? சோவியத் நாட்டுச் சைபீரியாவில் குஞ்சு பொரிக்கும் வாத்து, குளிர்காலத்தில் மேற்கு ஐரோப்பாவின் ஏரியில் இறங்கும். ஒரு பக்கம் காப்பாற்றி மறுபக்கம் கைவிட்டால் பயனில்லை. பறவை ஆய்வாளர்களோடு, வேட்டைக்கு வாத்தே மிஞ்சாது என்று அஞ்சிய வேட்டைக்காரர்களும் கவலைப்பட்டார்கள். நெதர்லாந்து அரசு வரைவு எழுதியது. 1968-ல் லெனின்கிராடில் கூட்டம் கூடவிருந்த வேளையில் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்தன. பேச்சு முறிந்துபோயிருக்க வேண்டியது. ஆனாலும் ஊர் ஊராகக் கூட்டம் நடத்தி, வரைவைத் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள்.

கடைசிக் கூட்டத்தை நடத்த ஈரானின் வேட்டை, மீன்வளத் துறைத் தலைவர் எஸ்கந்தர் ஃபிரூஸ் முன்வந்தார். முதலில் தேர்ந்தெடுத்த ஊர் பாபோல்சர். பிறகு இடம் மாறியது. அந்த மாற்றம் நடக்காதிருந்தால் இன்று பெரும்பாக்கத்தில் வீடு வாங்குகிறவர் "பாபோல்சர் எல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். 1971 பிப்ரவரி 2 அன்று உடன்படிக்கை வாசகம் ஏற்கப்பட்டது. மறுநாள் 18 நாடுகளின் பிரதிநிதிகள் கையெழுத்திட்டார்கள். சில ஆண்டுகளில் ஈரானில் புரட்சி வந்தது. ஃபிரூஸ் சிறைக்குப் போனார். அவர் கூட்டிய மாநாட்டின் சட்டம் மட்டும் உலகம் சுற்றக் கிளம்பிவிட்டது.

அந்தச் சட்டம் கேட்டது அதிகமில்லை. ஒவ்வொரு நாடும் குறைந்தது ஓர் ஈரநிலத்தையாவது பட்டியலில் சேர்க்க வேண்டும். அதன் இயல்பு கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கெட்டால் உலகுக்குத் தெரிவிக்க வேண்டும். நாட்டில் உள்ள எல்லா ஈரநிலங்களையும் அறிவோடு பயன்படுத்த வேண்டும். மீறினால் அபராதம் இல்லை, போலீஸ் இல்லை. அதன் பலம் பட்டியலில் ஏறிய பெருமையும் கெட்ட பெயர் வாங்கும் அச்சமும்தான். அது வெறும் காகிதம் என்று சொல்லிவிட முடியாது. ஒடிசாவின் சிலிகா ஏரி 1993-ல் ராம்சாரின் ஆபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2000-ல் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். உப்புநீர் வந்து ஏரி உயிர் பிடித்தது. 2002-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீக்கப்பட்டது.

ராம்சாரில் மை காய்ந்த அடுத்த ஆண்டு, இன்னொரு கருத்து வேறு திசையிலிருந்து புறப்பட்டது. 1972 மே மாதம் ஓஇசிடி என்ற பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பு, மாசைத் தடுக்கும் செலவை மாசு செய்தவரே ஏற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒரு நாடு தன் ஆலைகளின் சுத்திகரிப்புச் செலவை அரசுப் பணத்தில் கட்டினால், அந்த ஆலைகள் சரக்கை மலிவாக விற்றுச் சந்தையைக் கெடுக்கும் என்பதே அதன் முதல் கவலை. வர்த்தகப் போட்டிக்காக வந்த விதி, பாதிக்கப்பட்டவர்களின் நீதிக் குரலாக மாறியதில் நம் பாலாற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையின் கிணறுகளையும் வயல்களையும் பாழாக்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்பதும், ஆபத்து வருமுன் காக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று தீர்ப்பளித்தது. பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றாமலே சர்வதேச விதிகள் வாசலைத் தாண்டி வந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கவும் அதே தீர்ப்பு வழிசெய்தது.

அதே நீதிபதி, அதே ஆண்டு டிசம்பரில், மணாலி அருகே பியாஸ் ஆற்றை ஒட்டிக் கட்டிய உல்லாச விடுதி வழக்கில் மூன்றாவது கருத்து ஒன்றை இறக்குமதி செய்தார். ஆறு, ஏரி, கடற்கரை ஆகியவை மக்களின் பொதுச்சொத்து. அரசு அவற்றின் உரிமையாளர் இல்லை, காவலர் மட்டுமே என்பது அது. ரோமானியச் சட்டத்தில் பிறந்த அந்தக் கருத்து, 1892-ல் சிகாகோவின் ஏரிக்கரையை ஒரு ரயில்வே கம்பெனிக்குத் தாரைவார்த்த வழக்கில் அமெரிக்காவில் வலுப்பெற்றது. ஜோசப் சாக்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் 1970-ல் அதைத் தூசு தட்டி எடுத்து எழுதினார். அவர் கட்டுரை பியாஸ் ஆற்றைக் காக்க வந்தது.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது பள்ளிக்கரணைச் சதுப்பில் என்ன நடந்தது? 1982 பிப்ரவரி 1 முதல் ராம்சார் உடன்படிக்கை இந்தியாவுக்குப் பொருந்தியது. அதே பத்தாண்டில்தான் பெருங்குடிப் பக்கம் சதுப்பில் மாநகரக் குப்பை மலையாக எழுந்தது. ஊரார் கழுவெளி என்று அழைத்த நிலம், வருவாய் தராததால் அரசுக் கண்ணுக்குத் தரிசாகவே தெரிந்தது. சாலை வந்தது, ஐடி நிறுவனங்கள் வந்தன. கடல் தொழில்நுட்பத்தையும் காற்றாலை மின்சாரத்தையும் ஆராயும் மத்திய அரசு நிறுவனங்கள்கூட இங்கேதான் வந்தன. பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை சதுப்பைக் குறுக்கே வெட்டியது.

கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் உட்படத் தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் இந்தச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், கோவளம் முகத்துவாரத்துக்கும் போகிறது. சதுப்பு சுருங்கினால் நீர் போகுமிடம் வீடுகளே. 2015 டிசம்பரிலும், 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் அதை அனுபவித்தன. இதற்கு முன்பே உள்ளூர் மக்களும் ஆய்வாளர்களும் இடைவிடாது போராடியதன் பலனாக, 2007-ல் சதுப்பின் ஒரு பகுதி காப்புக்காடு ஆனது. கேர் எர்த் அறக்கட்டளையின் ஜெயஸ்ரீ வெங்கடேசன் பல ஆண்டுகள் இந்தச் சதுப்பை அளந்து, ஆவணப்படுத்தி, வாதாடினார். ஈரநிலத்தை அறிவோடு பயன்படுத்துவதற்கான ராம்சார் விருது 2025-ல் அவருக்குக் கிடைத்தது.

2022 ஏப்ரல் 8 தேதியிட்டு, பள்ளிக்கரணையின் 1,247.54 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் ஏறியது. அந்த மாதக் கடைசியிலேயே பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. பட்டியலில் பெயர் ஏறுவது வேறு, நிலம் காக்கப்படுவது வேறு என்று அந்தப் புகை சொன்னது. உலகப் பெருமைக்குக் காட்டிய பரப்பில் ஒரு பகுதி காப்புக்காட்டுக்கு வெளியே இருக்கிறது. அதன் எல்லை எந்தச் சர்வே எண்ணில் முடிகிறது என்பதே பிறகு வழக்காயிற்று.

இதற்கிடையே வெகுதொலைவில் இன்னொரு பயணம் நடந்தது. 2019-ல் வனுவாட்டுத் தீவில் சட்டம் படித்த 27 மாணவர்கள், பருவநிலை நெருக்கடியை உலகின் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கிளம்பினார்கள். 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை ஒருமனதாகச் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. 2024 டிசம்பரில் தி ஹேக் நகரில் விசாரணை. அதிகம் மாசு செய்த வளர்ந்த நாடுகளே அதிகப் பொறுப்பேற்க வேண்டும் என்று இந்தியா வாதிட்டது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமித்துக் கருத்து சொன்னது: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை; தவறினால் அது சர்வதேசச் சட்ட மீறல்; தவறிய நாடு ஈடு செய்ய நேரலாம். அன்றே, ஜிம்பாப்வேயின் விக்டோரியா அருவி நகரில், ராம்சார் நாடுகளின் 15-வது மாநாடு தொடங்கியது.

இந்த இரண்டு பயணங்களும் கூடும் இடம் பள்ளிக்கரணை. சதுப்பின் சேற்றில் ஆக்சிஜன் குறைவு. தாவரங்கள் மெல்லத்தான் மக்கும். கரிமம் மண்ணுக்குள்ளேயே தங்கும். வெள்ளத்தை வாங்கிக்கொள்வதும் அதுவே. அப்படியானால் இதைக் காப்பது பறவைகளுக்குச் செய்யும் தயவு ஆகாது. பருவநிலைக் கடமையின் ஒரு பகுதி. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, எல்லை ஆய்வு முடியும்வரை சதுப்பிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரிலும் புதிய கட்டுமான அனுமதி தரக்கூடாது என்றது. அடுத்த மாதக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் பெரும்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடித் திட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. காஸ்பியன் கரையில் எழுதியபோது போலீஸ் இல்லாத சட்டத்துக்கு இங்கே நீதிமன்றம் கைகொடுத்தது.

நீதி என்ற சொல்லுக்கு இங்கே இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி, வெள்ளம் தேங்கும் தாழ்நிலத்திலேயே குடியமர்த்தினார்கள். சதுப்பைச் சுருக்கியதில் அவர்களுக்கு லாபம் ஏதுமில்லை. தண்ணீர் ஏறும்போது முதலில் அவதிப்படுவது அவர்கள்தான். குறைவாக மாசு செய்தவர் அதிகம் துன்பப்படக்கூடாது என்று ஹேக் நகரில் இந்தியா கேட்ட நியாயம் சரியான நியாயம். அதே நியாயத்தைப் பெரும்பாக்கத்தின் தரைத்தளத்தில் இருப்பவருக்கும் தர வேண்டியது நம் அரசுகளின் கடமை. முன்பே அனுமதி பெற்று, வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டியவர்களின் அச்சத்துக்கும் தெளிவான எல்லைக் கோடு ஒன்றே பதில் சொல்லும்.

ஆகவே தென்சென்னைவாசிகள் கேட்க வேண்டியது எளிமையானது. ராம்சார் எல்லையைச் சர்வே எண் வாரியாக, தமிழில், ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். மேலாண்மைத் திட்டத்தைப் பொதுமக்கள் முன் வைக்கச் சொல்லுங்கள். வீடு வாங்கப் போகும்போது மழைக்காலத்தில் ஒருமுறை அந்த மனையைப் போய்ப் பாருங்கள். உலகம் சுற்றி வந்த இந்தச் சட்டத்தைக் கடைசி ஒரு கிலோமீட்டர் நடத்திக் கூட்டிச் செல்ல வேண்டியவர்கள் நாம்தான்.