அஸ்வினை எடுக்கலாமா, வேண்டாமா?

2022 ஜூன் 23. திருநெல்வேலி சங்கர் நகர் மைதானம். டி.என்.பி.எல். தொடரின் முதல் ஆட்டம். நெல்லை ராயல் கிங்ஸின் பாபா அபராஜித் பந்து போட ஓடி வருகிறார். எதிர்முனையில் நின்ற சேப்பாக் வீரர் ஜெகதீசன், பந்து கையை விட்டுப் போகும் முன்பே கோட்டைத் தாண்டிவிட்டார். அபராஜித் நின்றார், பெயில்ஸைத் தட்டினார். அவுட்! கோபத்தில் ஜெகதீசன் காட்டிய சைகை டி.வி.யில் ஊருக்கே தெரிந்தது. பிறகு அவரே மன்னிப்பும் கேட்டார். ஆட்டம் டை ஆகி, சூப்பர் ஓவரில் நெல்லை ஜெயித்தது.

இந்தச் சண்டை 1947-லேயே தொடங்கியது. சிட்னி டெஸ்டில் வினு மன்கட் இதேபோல் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை அவுட்டாக்கினார். கோட்டைத் தாண்டியவர் பிரவுன், கெட்ட பெயர் மட்டும் மன்கட்டுக்கு! எதிரணி கேப்டன் பிராட்மேனே மன்கட் செய்ததில் தப்பில்லை என்று எழுதியும் 'மன்கடிங்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது.

2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். இந்த முறை அஸ்வின். பஞ்சாப் அணியின் கேப்டன் அவர். 69 ரன்னில் இருந்த ராஜஸ்தானின் ஜோஸ் பட்லரை அப்படி அவுட்டாக்க, பஞ்சாப் 14 ரன்னில் ஜெயித்தது. அஸ்வின் வேண்டுமென்றே கொஞ்சம் காத்திருந்தார் என்பது எதிர்த்தரப்பு வாதம். வீடியோவைப் பார்த்தால் அதை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் மூன்றாவது அம்பயர் விதியைப் பார்த்துத்தான் அவுட் கொடுத்தார்.

அந்த சீசன் முடிந்ததும் டெல்லி கேபிடல்ஸ் அவரைக் கேட்டது. அப்போதுதான் விவாதம் சூடு பிடித்தது. அமித் மிஸ்ரா, அக்சர் படேல் என்று சுழல் பந்து வீச்சாளர்கள் இருக்கும்போது 33 வயது அஸ்வின் எதற்கு? இந்தச் சர்ச்சையையும் சேர்த்து வாங்க வேண்டுமா? போதாததற்கு, கோச் ரிக்கி பாண்டிங்குக்கு இந்த மாதிரி அவுட் பிடிக்காது. இன்னொரு பக்கம், கோட்லா ஆடுகளம் மெதுவானது, அங்கே அஸ்வின் மாதிரி ஆள் தங்கம் என்றார்கள். 2019 நவம்பரில் டிரேட் முடிந்தது. ஜெகதீஷ சுசித் பஞ்சாப் போனார், அஸ்வின் டெல்லி வந்தார்.

வேடிக்கை என்னவென்றால், கொரோனாவால் 2020 ஐ.பி.எல். துபாய், அபுதாபி, ஷார்ஜாவுக்குப் போய்விட்டது. கோட்லாவில் ஒரு பந்துகூட விழவில்லை! டெல்லியில் அந்த மாதிரி அவுட் எடுக்கக் கூடாது என்று பாண்டிங் முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். ரன் திருடும் பேட்ஸ்மேனுக்கு ரன் அபராதம் போடலாம் என்ற அளவுக்குப் பாண்டிங்கும் இறங்கி வந்தார். அக்டோபர் 5 அன்று பெங்களூரு ஆட்டத்தில் ஆரோன் ஃபிஞ்ச் கோட்டைத் தாண்டி நின்றார். அஸ்வின் தட்டவில்லை, எச்சரித்து விட்டுவிட்டார். இதுதான் முதலும் கடைசியுமான எச்சரிக்கை என்று ட்விட்டரில் எழுதினார். பாண்டிங்கை டேக் செய்யவும் மறக்கவில்லை.

அந்த ஆண்டு அஸ்வின் எடுத்தது 13 விக்கெட். டெல்லி முதன்முறையாக ஃபைனலுக்குப் போய் மும்பையிடம் தோற்றது. எடுத்தது சரியா தப்பா என்று கேட்டவர்கள் அதற்குப் பிறகு சத்தம் போடவில்லை. கிரிக்கெட்டின் ஆன்மா பற்றிய பேச்செல்லாம் விக்கெட் விழும்வரைதான் போலிருக்கிறது.

2022 பிப்ரவரி ஏலத்தில் அவரை 5 கோடிக்கு எடுத்தது யார் தெரியுமா? ராஜஸ்தான்! பட்லரின் அதே ராஜஸ்தான். ஏலத்துக்கு மறு மாதமே எம்.சி.சி. இந்த அவுட்டை 'நியாயமற்ற ஆட்டம்' பகுதியிலிருந்து எடுத்து ரன் அவுட் விதிக்குள் சேர்ப்பதாக அறிவித்தது. அது அமலுக்கு வந்தது அக்டோபர் 1-ல். ஜூனில் சங்கர் நகரில் அபராஜித் பெயில்ஸைத் தட்டியபோது அது இன்னும் பழைய பகுதியில்தான் இருந்தது.

ராஜஸ்தான் அந்த சீசனில் ஃபைனல்வரை போனது. பட்லர் 863 ரன், அஸ்வின் 12 விக்கெட். ஒரே டிரெஸ்ஸிங் ரூம்.