ஐம்பது சென்ட் புதையல்

1885-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில், லிஞ்ச்பர்க் நகரத்தில், ஒரு சின்னப் பிரசுரம் விற்பனைக்கு வந்தது. விலை ஐம்பது சென்ட். எழுதியவர் பெயர் இல்லை. வெளியிட்டவர் ஜேம்ஸ் வார்ட் என்பவர், அதுவும் ஆசிரியருடைய ஏஜென்ட் என்ற பெயரில். உள்ளே ஒரு கதை, சில கடிதங்கள், எண்கள் மட்டுமே நிரம்பிய மூன்று பக்கங்கள். சங்கேத எழுத்துக்கலையில் ஆர்வம் உள்ள யாரும் ஒரு முறையாவது இந்த எண்களோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். பீல் சங்கேதங்கள் என்று பெயர்.

கதை இது. தாமஸ் ஜே. பீல் என்பவர் 1817-ல் முப்பது பேரோடு மேற்கே வேட்டைக்குப் போகிறார். சாண்டா ஃபேக்கு வடக்கே 250, 300 மைல் தள்ளி ஒரு பாறை இடுக்கில் தங்கம் தட்டுப்படுகிறது. ஒன்றரை வருஷம் தோண்டுகிறார்கள். 1819-லும் 1821-லும் இரண்டு தடவையாகச் சரக்கை வண்டியேற்றி வர்ஜீனியாவுக்குக் கொண்டுவந்து, பெட்ஃபோர்ட் கவுன்டியில் புதைக்கிறார்கள். லிஞ்ச்பர்க்கில் ஹோட்டல் நடத்திய ராபர்ட் மாரிஸிடம் பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்றை பீல் கொடுத்துவைக்கிறார். 1822 மே மாதம் செயின்ட் லூயிஸிலிருந்து ஒரு கடிதம் வருகிறது: பத்து வருஷத்துக்குள் நாங்கள் வராவிட்டால் திறந்துகொள்ளுங்கள், சங்கேதத்துக்கான சாவி 1832 ஜூனில் தபாலில் வரும்.

பீல் வரவில்லை. சாவியும் வரவில்லை. மாரிஸ் 1845-ல்தான் பெட்டியை உடைக்கிறார். (தன்னிடம் இருக்கும் பூட்டிய பெட்டியை, கெடு முடிந்தும் பதின்மூன்று வருஷம் திறக்காத ஹோட்டல்காரர். கதையில் நான் நம்பச் சிரமப்படும் முதல் இடம் இதுதான்.) 1862-ல், சாவதற்கு ஒரு வருஷம் முன்பு, பெயர் தெரியாத நம் ஆசிரியரிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கிறார். அவர் இரண்டாம் தாளை மட்டும் உடைத்துவிடுகிறார். சாவி, அமெரிக்க சுதந்திரப் பிரகடனம்.

முறை ரொம்ப எளிது. பிரகடனத்தின் வார்த்தைகளை வரிசையாக எண்ணுங்கள். சங்கேதத்தில் 115 என்று இருந்தால் 115-ஆவது வார்த்தையின் முதல் எழுத்து. 'இன்ஸ்டிட்யூட்டட்', ஆக ஐ. 73 என்றால் 'ஹோல்ட்', ஹெச். 24 'அனதர்', ஏ. 37 'ஈக்வல்', இ. இப்படியே போனால், பெட்ஃபோர்ட் கவுன்டியில், பியூஃபோர்ட் என்ற இடத்திலிருந்து சுமார் நாலு மைல் தள்ளி, ஆறடி ஆழத்தில், கல் பாவிய அறையில், இரும்புப் பானைகளில் புதைத்திருக்கிறேன் என்று வாசகம் விரிகிறது. இரண்டு தடவையும் சேர்த்துத் தங்கம் 2921 பவுண்டு, வெள்ளி 5100 பவுண்டு, போதாததற்கு 13,000 டாலர் பெறுமானமுள்ள நகைக்கற்கள். தங்கம் மட்டும் ஏறக்குறைய 1325 கிலோ. நம் கணக்கில் ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் பவுனுக்கு மேல். சரியான இடம் முதல் தாளில் இருக்கிறது, பங்குதாரர்களின் பெயர்கள் மூன்றாவதில் இருக்கின்றன. அந்த இரண்டையும் இன்றுவரை யாரும் உடைக்கவில்லை.

சரி, இதில் எதை நம்புவது? ஆவணம் தேடியவர்கள் ஒரு பக்கம், எண்களை அலசியவர்கள் மறுபக்கம். ஆவணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 1820 ஜனவரியில் மாரிஸின் வாஷிங்டன் ஹோட்டலில் பீல் தங்கினார் என்கிறது பிரசுரம். மாரிஸ் அந்த ஹோட்டலை ஏற்று நடத்த ஆரம்பித்ததே 1823 இறுதியில்தான். இதைத் தோண்டி எடுத்தவர் ஜோ நிக்கெல், 1982-ல். 1822-ஆம் வருஷக் கடிதத்தில் எருமைக்கூட்டம் மிரண்டு ஓடுவதற்கு 'ஸ்டாம்பீட்' என்ற சொல் வருகிறது. ஆங்கில அச்சில் அந்தச் சொல் அந்த வடிவத்தில் பரவியது கடிதத் தேதிக்குப் பல வருஷம் கழித்து. ஸ்பானியச் சொல்தானே, சாண்டா ஃபேயில் இருந்தவன் காதில் முதலில் விழுந்திருக்கலாம் என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். இருக்கலாம். பீலின் கடித நடையும் பெயரில்லாத ஆசிரியரின் நடையும் ஒரே கை எழுதியது போல இருப்பதையும் நிக்கெல் காட்டினார். இதற்கு அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடியாது.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. 1817-ல் சாண்டா ஃபே அமெரிக்காவில் இல்லை, ஸ்பெயினின் பிடியில் இருந்தது. அந்நிய வியாபாரிகள் வந்தால் பிடித்து உள்ளே போடுவதுதான் வழக்கம். 1812-ல் போன மெக்நைட் குழுவினர் பல வருஷம் சிறையில் கிடந்தார்கள். அதே 1817-ல் ஓகுஸ்த் ஷூட்டோவும் ஜூல் த முன்னும் தம் ஆட்களோடு பிடிபட்டு, சாண்டா ஃபேயில் 48 நாள் அடைபட்டு, சுமார் 30,000 டாலர் சரக்கையும் பறிகொடுத்துத் திரும்பினார்கள். வியாபாரத்துக்கு அந்த ஊர் திறந்துவிடப்பட்டது 1821-ல், மெக்சிகோ விடுதலை பெற்ற பிறகு. பீலின் கடிதமோ, அந்த 1817-ஆம் வருஷக் குளிர்காலத்தை முப்பது பேரும் அந்த ஊரிலேயே சும்மா போரடித்துப்போய்க் கழித்ததாகச் சொல்கிறது. 1885-ல் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு, சாண்டா ஃபே ரயில் போகிற ஓர் அமெரிக்க ஊர். அந்த நினைப்பில் எழுதிய வரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எட்கர் ஆலன் போ எழுதிய விளையாட்டு இது என்று ஒரு கட்சி உண்டு. 1843-ல் வந்த அவருடைய 'த கோல்ட் பக்' புதையலும் சங்கேதமும் கலந்த கதை என்பதால் வந்த யோசனை. போ இறந்தது 1849-ல். பிரசுரமோ உள்நாட்டுப் போர் பற்றிப் பேசுகிறது. அந்தக் கதையைப் படித்த யாரோ எழுதியிருக்கலாம் என்றால் ஒப்புக்கொள்ளலாம்.

இனி எண்கள். 1960-களிலிருந்து கார்ல் ஹாமர் என்ற கணினி நிபுணர் இவற்றை இயந்திரத்தில் போட்டு அலசினார். முதல், மூன்றாம் தாள்களின் எண்கள் தற்செயலாகக் கொட்டியவை அல்ல, உள்ளே ஏதோ ஒழுங்கு இருக்கிறது என்றார். வேட்டைக்காரர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. 1980-ல் ஜிம் கில்லோக்லி என்பவர் யாரும் பொருட்படுத்தாத ஒரு காரியத்தைச் செய்தார். உடையாத முதல் தாளில், இரண்டாம் தாளின் சாவியையே போட்டுப் பார்த்தார். குப்பைதான் வந்தது. ஆனால் குப்பையின் நடுவே ஓரிடத்தில் எழுத்துகள் இப்படி நிற்கின்றன: ஏ, பி, எஃப், டி, இ, எஃப், ஜி, ஹெச், ஐ, ஐ, ஜே, கே, எல், எம், எம், என், ஓ, ஹெச், பி, பி. கடைசி இரண்டும் ஓ-வுக்கு அடுத்து வரும் பி. ஆங்கில அரிச்சுவடி, கிட்டத்தட்ட அப்படியே. மூன்றாவதாக நிற்கும் எஃப்-க்கான எண்ணை ஒன்று குறைத்தால் அங்கே சி வந்து உட்கார்ந்துவிடும்.

இது தற்செயலாக நடக்காது. ஹாமர் கண்ட ஒழுங்கும் மெய், அதற்குள் செய்தி இல்லாமல் இருப்பதும் சாத்தியம். இந்த மாதிரி சங்கேதம் எழுத உட்காருகிறவர் முதலில் ஓர் அட்டவணை போட்டுக்கொள்வார்: ஏ-வுக்கு இந்தந்த எண்கள், பி-க்கு இவை. பக்கத்தை நிரப்ப எண்கள் வேண்டும், சொல்லச் செய்தி ஒன்றும் இல்லை என்றால் கை என்ன செய்யும்? அட்டவணையில் மேலிருந்து கீழே இறங்கும். மென்பொருளைச் சோதிக்கப் போலித் தரவு தட்டுகிறவர்களின் விரல் ஏ, எஸ், டி, எஃப் என்று ஓடுவதை நான் தினமும் பார்க்கிறேன். இரண்டு அடுக்காகச் சங்கேதமிட்டதன் தடயமாகவும் அது இருக்கலாம் என்பார்கள். அந்த இரண்டாம் அடுக்கை யாராவது உரித்துக் காட்டினால் யோசிக்கலாம்.

இன்னொன்று. இரண்டாம் தாள் ஒழுங்காக விரிய வேண்டுமானால் பிரகடனத்தைத் தப்பாக எண்ண வேண்டும். 480-ஐத் தாண்டியதும் எண்ணிக்கை ஒரு பத்து வார்த்தை பிசகுகிறது. பீல் பிசகியது சரி, மனிதர்தானே. பல வருஷம் கழித்து உடைத்தவர் அதே இடத்தில் அதே மாதிரி பிசகி, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் பிரசுரத்தில் அச்சிடுகிறார். பூட்டைத் திறந்தவரே பூட்டைச் செய்தவர் என்று எடுத்துக்கொண்டால் இதில் புதிர் ஏதும் இல்லை.

மூன்றாம் தாளுக்கு சூப்பர் கம்ப்யூட்டர்கூட வேண்டாம், வகுத்தல் போதும். மொத்தம் 618 எண்கள், அதாவது 618 எழுத்துகள். முப்பது பங்குதாரர், ஒவ்வொருவரின் வாரிசு, அவர்கள் இருக்கும் ஊர், எல்லாம் இதற்குள் இருக்க வேண்டும். ஒரு பங்குக்கு இருபது எழுத்து. ராபர்ட் மாரிஸ், லிஞ்ச்பர்க் என்பதை ஆங்கிலத்தில் எழுதினாலே 22 ஆகிவிடுகிறது. வாரிசுக்கு இடமே இல்லை.

எதிர்த்தரப்பிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தாமஸ் பீல் என்ற பெயரில் அந்தக் காலத்து வர்ஜீனியாவில் ஆட்கள் இருந்தார்கள். 1820-ல் செயின்ட் லூயிஸ் தபால் நிலையப் பட்டியலிலும் அந்தப் பெயர் தென்படுகிறது. ஒரு பொய்க்கதையின் ஊரில் மெய்யான மனிதர்களும் நடமாடுவார்கள்தானே. மாரிஸ்கூட மெய்யானவர்தான்.

பிரசுரத்தில் ஓரிடத்தில் ஆசிரியர் வாசகரை எச்சரிக்கிறார். ஓய்வு நேரத்தை மட்டும் இதற்குக் கொடுங்கள், ஓய்வு இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள், நான் என் குடும்பத்தை வறுமையில் தள்ளியதே இதனால்தான் என்கிறார். விற்பனை உத்தியாக இருக்கலாம். ஆனால் அடுத்து நடந்ததற்கு அது அச்சு அசலாகப் பொருந்தியது. பியூஃபோர்ட் இன்று மாண்ட்வேல் என்ற பெயரோடு இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள புளூ ரிட்ஜ் மலைச்சரிவுகளில் நூறு வருஷத்துக்கு மேலாக அத்துமீறிப் புகுந்து தோண்டுகிறார்கள். கல்லறைத் தோட்டத்தைத் தோண்டிக் கைதானவர்கூட உண்டு. ரோனோக் நகரத்து ஹார்ட் சகோதரர்கள் 1897-ல் இதில் இறங்கினார்கள். கிளேட்டன் ஹார்ட் குறி சொல்பவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் ராத்திரியில் குழி வெட்டினார். அடியில் மண்தான் இருந்தது. 1912-ல் அவர் விட்டுவிட்டார். தம்பி ஜார்ஜ், அதற்குப் பிறகும் நாற்பது வருஷம், 1952 வரைக்கும், அந்த எண்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.