மெக்கன்சியின் ஆட்கள்

அணுபுரத்திலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் மாமல்லபுரம். அதைப் பற்றி இங்கே யாரிடம் கேட்டாலும் பல்லவர்களைச் சொல்வார்கள், மிஞ்சினால் ஒன்றிரண்டு வெள்ளைக்காரர்களைச் சொல்வார்கள். 1803-லேயே அந்தச் சிற்பங்களைப் பற்றித் தெலுங்கில் விரிவாக எழுதிய காவலி வெங்கட லட்சுமய்யாவை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் ஓர் அதிகாரியின் உதவியாளர். நம்ம பாஷையில், செகரட்டரி.

அதிகாரி, காலின் மெக்கன்சி. 1783-ல் கம்பெனிப் படையின் பொறியாளராக வந்து, 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். இந்திய மொழிகள் அவருக்குத் தெரியாது. லட்சுமய்யாவின் அண்ணன் போரய்யாதான் தனக்கு இந்த நாட்டு அறிவின் வாசலைத் திறந்துவிட்டவர் என்று அவரே பின்னாளில் எழுதினார். 1803-ல் போரய்யா இளவயதில் இறந்துபோக, அந்த இடத்துக்கு லட்சுமய்யா வந்தார்.

மொழி தெரியாத மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்த முடியாது. என்ன வேண்டும் என்று சொல்லி ஆட்களை ஊர் ஊராக அனுப்பினார். எங்கே போனோம், யாரைப் பார்த்தோம், யார் ஏடு தர மறுத்தார்கள் என்று அவர்கள் அறிக்கை அனுப்ப வேண்டும். புதுசா வரி போட வந்திருக்காங்களோ என்று பல ஊர்களில் பயந்தார்கள். பேசிப் பழகி அந்தப் பயத்தைப் போக்குவது ஊருக்குப் போனவரின் சாமர்த்தியம். அதற்கான இடத்தை மெக்கன்சி விட்டுவைத்தார். 8,076 கல்வெட்டுப் படிகள், 6,218 நாணயங்கள், மூட்டை மூட்டையாகச் சுவடிகள் சேர்ந்தன.

அவரைத் தியாகி ஆக்க வேண்டாம். தொகுப்பு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

1821-ல் மெக்கன்சி இறந்தார். வேலையைத் தானே தொடர்கிறேன் என்று லட்சுமய்யா அரசிடம் கேட்டார். கல்கத்தா ஆசியக் கழகத்திடம் கருத்துக் கேட்கப்பட்டது. 1836-ல் பதில் வந்தது: துணையாளாக இருக்கலாம், ஆனால் தலைமையேற்கும் தகுதி அவருக்கு மட்டுமல்ல, எந்த இந்தியருக்கும் இல்லை. அப்போது கழகத்தின் செயலாளர், பிராமி எழுத்தைப் படித்த பெருமைக்குரிய ஜேம்ஸ் பிரின்செப். வேலை வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாரிடம் போனது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். 1803-லும் 1836-லும் இருந்தது அதே லட்சுமய்யா. இடையில் முப்பது வருட அனுபவம் கூடியிருந்தது, குறையவில்லை. மாறியது மேலே இருந்தவர்கள். ஒருவர் அவர் அனுப்பியதைப் படித்து, அதன் மேல் அடுத்த கேள்வியைக் கேட்டார். மற்றவர்கள் அவர் யார் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். ஒருத்தரோட 'திறமை' என்று நாம் மதிப்பெண் போடுவதில் பாதி, அவருக்கு மேலே உட்கார்ந்திருப்பவருடையது.

லட்சுமய்யாவின் மாமல்லபுரக் குறிப்பு, மார்க் வில்லியம் கார் தொகுத்த நூலில் 1869-ல் அச்சானது. எழுதி 66 வருடங்கள் கழித்து.