காலா கில்லா (தாராவி)

மும்பை தாராவியில், மித்தி ஆற்றின் தென்கரையை ஒட்டி நிற்கும் சிறு கோட்டை. ரீவா கோட்டை என்றும் பெயர். கருத்த கல் சுவர்களால் 'கறுப்புக் கோட்டை' எனப் பொருள்படும் பெயர் வந்தது. பம்பாய் ஆளுநர் ஜான் ஹோர்ன் ஆணைப்படி 1737இல் கட்டியதாகச் சுவரில் பதித்த கல்வெட்டு சொல்கிறது. பாழிடம் தேடி வருவோர் சுரங்கப்பாதைக் கதைகளைத் துரத்துகிறார்கள். ஆனால் உண்மையான கதை கல்வெட்டு சொல்லும் 1737ஆம் ஆண்டில்தான் இருக்கிறது. ஆற்றுக்கு அப்பால் சால்செட் தீவு அதுவரை போர்த்துக்கீசியரிடம் இருந்தது. 1737இல் மராத்தியர் தானேயைப் பிடித்துச் சால்செட்டுக்குள் புகுந்தனர். 1739இல் போர்த்துக்கீசியரின் வசாய் கோட்டையும் வீழ்ந்தது. ஆங்கிலேயர் வசமிருந்த பம்பாய்த் தீவின் வடகரை ஒரே நாளில் எல்லைப்புறமானது போன்ற பதற்றம். சயான், மாஹிம் கோட்டைகளோடு இதுவும் காவல் நின்றது.

1774இல் ஆங்கிலேயர் சால்செட்டையே கைப்பற்றியதும் அந்தக் காவலின் தேவை குறைந்தது. 19ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடும் தொழிலோடு திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள் தாராவிக்கு வந்தனர். குடியிருப்புகள் கோட்டையைச் சூழ்ந்தன. இன்று உள்ளே செடிகொடியும் குப்பையும். காலா கில்லா என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது அருகிலுள்ள பேருந்துப் பணிமனைதான். எதிர்க்கரையில், ஒருகாலத்துச் சால்செட் மண்ணில், பாந்த்ரா-குர்லா வணிக வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.