தாங்க விமானம் இல்லாத விமானந்தாங்கி

'கம்பனி ஒஃப் ஹீரோஸ் 2' விளையாடுற ஆக்களுக்குள்ள ஒரு சண்டை முடியவே முடியாது: டைகரா, டி-34ஆ? எங்கட அறையிலயும் அதே கதைதான். "ஜேர்மன் பக்கத்துக்குப் பலம் கூட, இது அநியாயம்" எண்டு தோத்தவன் கத்துவான். அடுத்த முறை அவனே ஜேர்மன் பக்கம் எடுப்பான்.

உண்மைக் கணக்கைப் பார்ப்போம். டி-34 நல்ல வீதியில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தைத் தாண்டும். 57 தொன் எடையுள்ள டைகர் 40 கி.மீ. அளவில்தான் ஓடும். ஆனால் ஜேர்மனி செய்த முதல் வகை டைகர்கள் ஏறத்தாழ 1,350 மட்டுமே. சோவியத் யூனியனோ யுத்தம் முடிவதற்குள் 50,000க்கும் மேற்பட்ட டி-34களைச் செய்துவிட்டது. இந்த வித்தியாசத்தை அப்படியே கேமுக்குள் வைத்தால் ஜேர்மன் பக்கம் விளையாட ஒருத்தரும் வரமாட்டார்கள். அதனால்தான் விலை, எரிபொருள், படை வரம்பு என்று எல்லாவற்றையும் கூட்டிக் குறைத்து இரண்டு தரப்பையும் சமப்படுத்துகிறார்கள்.

விளையாட்டுக்கு அது நியாயம். உண்மையான யுத்தத்தில் அப்படிச் சமப்படுத்த யாரும் இருப்பதில்லை. அதற்கு உதாரணம் தேடி ரஷ்யா வரை போகத் தேவையில்லை. எங்கட மட்டக்களப்புக் கடலுக்கு அடியிலேயே ஒன்று கிடக்கிறது.

அதன் பெயர் ஹேர்மிஸ். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல். 1924இல் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்த இலக்கு திருகோணமலை என்று தெரிந்ததும், ஏப்ரல் 8 இரவு ஹேர்மிஸை அங்கிருந்து வெளியேற்றித் தெற்கே அனுப்பினார்கள். அதன் விமானங்கள் கரையிலேயே நின்றுவிட்டன.

மறுநாள் காலை ஜப்பானியர் அதைக் கண்டுபிடித்தார்கள். வேகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹேர்மிஸ் முழுமூச்சாக ஓடினாலும் மணிக்கு 46 கி.மீ. அதைத் தேடி வந்த குண்டுவீச்சு விமானங்களால் 380 கி.மீ. வேகத்தில் பறக்க முடியும். வந்தவை 80க்கும் மேல். எதிரியிடம் ஐந்து விமானந்தாங்கிகள். இங்கே ஒன்று, அதிலும் தாங்குவதற்கு ஒரு விமானம்கூட இல்லை. ஏறத்தாழ 40 குண்டுகள் விழுந்தன. அரைமணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. உதவிக்குப் போன போர் விமானங்கள் போய்ச் சேர்ந்தபோது கப்பல் மூழ்கிவிட்டது. கூடவே போன அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. ஹேர்மிஸில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். அந்தப் பக்கமாக வந்த வீற்றா என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் காப்பாற்றியது.

ஹேர்மிஸ் மெதுவான கப்பல் என்பதால் மட்டும் இது நடக்கவில்லை. விமானங்கள் கரையில், கப்பல் கடலில், உதவி தூரத்தில். இந்த மூன்றும் எந்தக் கேமின் வேக அட்டவணையிலும் வராது.

நான் கேம் விளையாடுறத விடப்போறதில்ல. ஆனா குண்டுச் சத்தம் கொஞ்சம் கூடினா அம்மா அடுப்படியில இருந்து, "அதக் குறை மகன்" எண்டுவா. முந்தியெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். சமமில்லாத யுத்தத்துக்குள்ள வாழ்ந்த ஆக்களுக்கு அந்தச் சத்தம் விளையாட்டு இல்ல எண்டு இப்பதான் விளங்குது. இப்ப ஹெட்போன் போட்டுத்தான் விளையாடுறன்.

இன்றைக்கு வெளிநாட்டுச் சுழியோடிகள் 50 மீற்றருக்கும் ஆழத்தில் கிடக்கும் ஹேர்மிஸைப் பார்க்க வருகிறார்கள். பாசிக்குடாவில் குளிக்கப் போகிற எங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?