ஒரு தந்தை எழுதிய கடிதம்



நபித்தோழர் அபூபக்ரா (ரலி) அவர்கள், ஸிஜிஸ்தானில் நீதி வழங்கும் பொறுப்பில் இருந்த தம் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கோபமுற்ற நிலையில் இருவருக்கிடையே தீர்ப்பளிக்க வேண்டாம் என்றும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்ததைத் தாம் செவியுற்றிருப்பதாகவும் அதில் அறிவுறுத்தினார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

மார்க்கச் சட்ட அறிஞர்கள் இத்தடையைக் கோபத்துடன் நிறுத்திவிடவில்லை. பசி, தாகம், தூக்கக் கலக்கம், கடுந்துயரம், நோய் ஆகியவற்றையும் அதனுடன் சேர்த்தார்கள். உள்ளம் நிலைகுலைந்தால் நீதியும் நிலைகுலையும் என்பதே காரணம். நீதிபதிகளின் வாழ்க்கைத் தேவைக்குப் பைத்துல்மாலிலிருந்து ஊதியம் வழங்கப்பட்டதும் இதனால்தான். இப்பதவியின் பாரத்தை அஞ்சி அதனை ஏற்க மறுத்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் சிறைவாசம் அனுபவித்து, ஹிஜ்ரி 150-இல் வஃபாத்தானார்கள்.

அந்தப் பாரம் இன்றும் குறையவில்லை. நமது புதுக்கோட்டையையே பாருங்கள். 1948 மார்ச் 3-இல் இந்தியாவுடன் இணையும் வரை இது தனி சமஸ்தானம். தனக்கென நீதிமன்றங்களைக் கொண்டிருந்தது. 1974 ஜனவரி 14-இல் தனி மாவட்டமாயிற்று. உயர்நீதிமன்ற வழக்குகளுக்காக நம் வழக்கறிஞர்கள் நானூறு கிலோமீட்டர் அளவு பயணித்துச் சென்னைக்குச் சென்றுவந்தார்கள். 2004 ஜூலை 24-இல் மதுரைக் கிளை திறக்கப்பட்ட பின்னரே அந்த அலைச்சல் குறைந்தது.

எனினும் இளம் வழக்கறிஞரின் மனச்சுமை பயணத்தால் மட்டும் வருவதன்று. பகலெல்லாம் நீதிமன்றம், இரவெல்லாம் வழக்குக் கட்டுகள், மாத முடிவில் வெறும் கை! 2024 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் இதனைக் கருத்தில் கொண்டது. இளம் வழக்கறிஞர்களுக்கு மாதந்தோறும் குறைந்தபட்ச உதவித்தொகையாகச் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும், புதுக்கோட்டை போன்ற பிற இடங்களில் 15,000 ரூபாயும் வழங்க அறிவுறுத்துமாறு பார் கவுன்சிலைப் பணித்தது. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் சமுதாயத்திற்கு இது புதிய பாடமா?

மூத்த வழக்கறிஞர்களே! உங்களிடம் பணிபுரியும் ஜூனியருக்கும் குமாஸ்தாவுக்கும் உரிய ஊதியத்தையும் ஓய்வையும் அளியுங்கள். அவர்களின் தவறுகளைக் கட்சிக்காரர் முன்னிலையில் ஏசாமல், தனிமையில் திருத்துங்கள்.

பெற்றோர்களே! கறுப்பு அங்கி அணிந்த பிள்ளையிடம் எத்தனை வழக்கு, எவ்வளவு வருமானம் என்று கேட்கிறோம். உறங்கினாயா, உண்டாயா, மனம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறோமா? அவர் வாடியிருந்தால், ஈமான் குறைந்துவிட்டதென்று பழிக்காதீர்கள். மருந்தில்லாமல் எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்பது நபிமொழி. மன நோயும் அதில் அடங்கும். துஆவுடன் மருத்துவரிடமும் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள்.

அன்று அபூபக்ரா (ரலி) அவர்கள் கடிதம் எழுதினார்கள். இன்று நமக்கு ஒரு தொலைபேசி அழைப்பே போதும். இந்த ஜும்ஆ முடிந்ததும் அதைச் செய்யுங்கள்.

நீதிக்காக உழைப்போரின் உள்ளங்களுக்கு வல்ல அல்லாஹ் அமைதியை அருள்வானாக! ஆமீன்.