கோட்டூர்புரம் மரப்பூங்காவின் உயிரினங்கள்

கோட்டூர்புரம் மரப்பூங்கா, சென்னையில் அடையாற்றை ஒட்டியுள்ள சிறு நகர்ப்புற வனம். குப்பை குவிந்து கிடந்த பொதுநிலத்தில் ‘நிழல்’ அமைப்பு 2006-இல் மரம் வளர்க்கத் தொடங்கியது. நம் மண்ணுக்குரிய மரங்களுக்கே முதலிடம். அணில், ஓணான், வண்ணத்துப்பூச்சி போன்றவை இத்தகைய இடங்களுக்குத் தாமாகவே வந்து சேர்கின்றன. இவற்றில் நின்று கவனிக்கத்தக்கது முசுறு எறும்பு. வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இரு இலைகளின் விளிம்புகளை இழுத்துப் பிடிக்கும். மற்றவை தம் புழுக்களைத் தாடையில் கவ்வி, அவை சுரக்கும் பட்டிழையால் இலைகளைத் தைத்துக் கூடாக்கும். பறவைகளில், செம்மார்புக் குக்குறுவானைக் காண்பதைவிட அதன் ‘டுக் டுக்’ ஒலியைக் கேட்பதே எளிது. புள்ளி ஆந்தை மரப்பொந்துகளில் அடையும். வெளிமானையும் புள்ளிமானையும் காண, 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அருகிலுள்ள கிண்டிக்குத்தான் செல்ல வேண்டும்.